பணக்கார நாடுகளைப் போரும் பயங்கரவாதமும் இன்னும் தொடுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிள்ளை குவைத்துக்கோ சிங்கப்பூருக்கோ பின்லாந்துக்கோ வேலைக்குக் கிளம்பும்போது வீட்டில் எழும் முதல் கேள்வி, "அங்கே எல்லாம் பாதுகாப்புதானே?" என்பது. செய்தியில் ஏவுகணை பறக்கும் ஒவ்வொரு முறையும் அதே கேள்வி திரும்ப வருகிறது. அப்படி என்னிடம் கேட்கப்பட்டவற்றையும், நானே என்னைக் கேட்டுக்கொண்டவற்றையும் இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

வசதியான நாட்டின் மீது யார் படையெடுப்பார்கள்? அதெல்லாம் பழைய காலத்துக் கதை இல்லையா?

1990 ஆகஸ்ட் 1 அன்று இரவு தூங்கப் போன குவைத்வாசிகளும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். எல்லையில் இராக் படை குவிந்திருந்தது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது பேரம் பேசுவதற்கான மிரட்டல் என்றுதான் பெரும்பாலானோர் எடுத்துக்கொண்டார்கள். ஆகஸ்ட் 2 விடியும் முன்பே டாங்கிகள் எல்லையைத் தாண்டிவிட்டன. குவைத் மன்னரான அமீர் சவூதி அரேபியாவுக்குத் தப்பினார். அவருடைய தம்பி ஷேக் ஃபஹத் தஸ்மான் அரண்மனையில் நடந்த சண்டையில் கொல்லப்பட்டார். இரண்டு நாட்களுக்குள் நாடு முழுவதும் இராக்கின் கைக்குப் போய்விட்டது. அந்த மாதம் முடிவதற்குள் குவைத்தைத் தன்னுடைய 19ஆவது மாகாணம் என்று இராக் அறிவித்தது.

உலகின் மிகச் செழிப்பான நாடுகளில் ஒன்று, ஐ.நா. உறுப்பினர், உலகம் முழுக்கத் தூதரகங்கள் வைத்திருந்த நாடு. ஒரே மாதத்தில் அதை வரைபடத்திலிருந்தே அழிக்கப் பார்த்தார்கள். ஆகவே, பழைய காலத்துக் கதை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அவ்வளவு பணம் இருந்தும் ஏன் தடுக்க முடியவில்லை?

குவைத் தமிழ்நாட்டில் ஏழில் ஒரு பங்குதான் இருக்கும். மறைந்து நின்று சண்டை போட மலையில்லை, காடில்லை. இராக் எல்லையிலிருந்து தலைநகரம் வரை நேர் சாலை. குவைத் ராணுவத்தில் ஏறக்குறைய 20,000 பேர். இராக்கோ ஈரானுடன் எட்டு வருடம் போரிட்டுப் பழகிய, பத்து லட்சம் பேர் அளவுக்குப் பெருத்த படையை வைத்திருந்தது.

இதில் பணம்தான் பகைக்கே காரணமானது. அந்த எட்டு வருடப் போருக்கு குவைத் இராக்குக்கு 1,000 கோடி டாலருக்கும் மேல் கடன் கொடுத்திருந்தது. போர் முடிந்ததும் அந்தக் கடனைத் தள்ளுபடி செய் என்றது இராக். குவைத் மறுத்தது. அப்புறம், குவைத் அளவுக்கு மேல் எண்ணெய் எடுத்து விலையை இறக்குகிறது, ருமைலா எண்ணெய் வயலில் எங்கள் பக்கத்து எண்ணெயையும் உறிஞ்சுகிறது என்றெல்லாம் குற்றச்சாட்டு. கடன் வாங்கியவன் வலுத்தவனாகவும் கொடுத்தவன் இளைத்தவனாகவும் இருந்து, இரண்டு வீடும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது.

அப்படியானால் பணத்தால் ஒரு பயனும் இல்லையா?

இருந்தது, ஆனால் படை உள்ளே வருவதை அது நிறுத்தவில்லை. குவைத் தன் எண்ணெய் வருமானத்தில் பெரும்பகுதியை வெளிநாடுகளில் முதலீடாகப் போட்டு வைத்திருந்தது. அதனால் சவூதியின் தாயிஃப் நகரிலிருந்து அகதி அரசாங்கம் நடத்த முடிந்தது. நாட்டை மீட்கும் போருக்கும் பெரிய பங்கு கொடுக்க முடிந்தது.

உண்மையில் குவைத்தை மீட்டுக் கொடுத்தது ஒரு விதி. ஒரு நாட்டின் எல்லையை இன்னொரு நாடு பலத்தால் மாற்றக் கூடாது என்ற ஐ.நா. சாசனத்தின் விதி. படையெடுப்பு நடந்த அன்றே பாதுகாப்பு கவுன்சில் கூடி, இராக் வெளியேற வேண்டும் என்ற 660ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. பனிப்போர் அப்போதுதான் அடங்கிக்கொண்டிருந்ததால் சோவியத் ஒன்றியம் வீட்டோ செய்யவில்லை. நவம்பரில் 678ஆம் தீர்மானம் 1991 ஜனவரி 15 வரை கெடு வைத்தது. ஜனவரி 17 அன்று விமானத் தாக்குதல் தொடங்கியது. பிப்ரவரி 24 அன்று தரைப்படை இறங்கி, நூறு மணி நேரத்தில் சண்டை முடிந்தது. பின்வாங்கிய இராக் படை 600க்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகளுக்குத் தீ வைத்துவிட்டுப் போனது. கடைசிக் கிணற்றை அணைக்க அந்த வருடம் நவம்பர் ஆகிவிட்டது.

அந்த விதியை அன்று தூக்கிப் பிடிக்க வல்லரசுகளுக்கு எண்ணெய் என்ற சொந்தக் காரணமும் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் விதி என்ற ஒன்று இல்லாமல் இருந்திருந்தால் அத்தனை நாடுகள் ஒன்றுசேர்ந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

அங்கே இருந்த நம் ஆட்களுக்கு என்ன ஆனது?

ஏறக்குறைய 1,70,000 இந்தியர்கள் அங்கே சிக்கினார்கள். தமிழர்களும் மலையாளிகளும் அதில் நிறைய. குவைத் விமான நிலையம் மூடிவிட்டதால், பஸ் பிடித்து பாக்தாத், அங்கிருந்து ஜோர்டான் எல்லை, பாலைவனத்தில் கூடார முகாம், கடைசியில் அம்மான் நகரம் என்று ஆகஸ்ட் வெயிலில் அலைந்து வந்தார்கள். அம்மானிலிருந்து ஏர் இந்தியா இரண்டு மாதத்துக்குள் 480க்கும் மேற்பட்ட தடவை பறந்து அவர்களைக் கொண்டு வந்து சேர்த்தது.

எங்கள் தெருவில் அப்படித் திரும்பிய ஒரு அண்ணன் இருந்தார். போனபோது இரண்டு பெட்டி, வந்தபோது ஒரு தோள்பை. அதற்குள் ஒரு கட்டு குவைத் தினார் நோட்டு. பன்னிரண்டு வருடச் சேமிப்பில் கையில் எடுக்க முடிந்தது அவ்வளவுதான். அதை மாற்ற வங்கி வங்கியாக ஏறி இறங்கினார். உலகிலேயே அதிக மதிப்புள்ள பணங்களில் ஒன்று அது. அந்த ஆகஸ்டில் அதை வாங்க ஆளில்லை. நோட்டை ஒவ்வொன்றாகத் திண்ணையில் வைத்து, சுருக்கம் நீவி, மறுபடி ரப்பர் பேண்ட் போட்டு உள்ளே வைப்பார். சின்னப் பையனாக நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

பிறகு ஐ.நா.வின் இழப்பீட்டு ஆணையம் ஒன்று அமைந்தது. நாட்டை விட்டு ஓடி வர நேர்ந்தவர்களுக்குத் தனிநபர் என்றால் 2,500 அல்லது 4,000 டாலர், குடும்பம் என்றால் 5,000 அல்லது 8,000 டாலர் என்று நிர்ணயித்தார்கள். அண்ணனுக்கும் பல வருடம் கழித்து வந்தது. இராக்கின் எண்ணெய் வருமானத்திலிருந்து மொத்தம் 5,240 கோடி டாலர் கொடுத்து முடிக்க 2022 ஜனவரி வரை ஆனது. ஏழு மாத ஆக்கிரமிப்பின் கணக்கைத் தீர்க்க முப்பது வருடத்துக்கும் மேல்.

குவைத்தில் போர் என்றால் நமக்கென்ன நஷ்டம்?

எண்ணெய் விலை ஏறக்குறைய இரண்டு மடங்காக ஏறியது. வளைகுடாவிலிருந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்த பணம் நின்றது. ஏற்கனவே ஆட்டம் கண்டிருந்த இந்தியாவின் அந்நியச் செலாவணி இருப்பு இதில் இன்னும் கரைந்து, 1991இல் தங்கத்தை வெளிநாட்டில் அடகு வைக்கும் நிலை வந்தது. அந்த நெருக்கடிக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் இந்தப் போர் அதில் ஒரு பெரிய அடி.

சரி, அது 1990. இப்போது?

2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது. உக்ரைன் பணக்கார நாடு அல்ல. ஆனால் அந்தப் படையெடுப்பைப் பார்த்து நடுங்கியவர்கள் பக்கத்திலிருந்த பணக்கார நாட்டுக்காரர்கள். பல பத்தாண்டுகளாக எந்த ராணுவக் கூட்டணியிலும் சேராமல் இருந்த பின்லாந்து 2023 ஏப்ரலில் நேட்டோவில் சேர்ந்தது. இரண்டு நூற்றாண்டாகப் போரே பார்க்காத ஸ்வீடன் 2024 மார்ச்சில் சேர்ந்தது. போர் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்ற கையேட்டை ஸ்வீடன் அரசு வீடு வீடாக அனுப்பியது.

தன்னுடையது என்று சீனா உரிமை கொண்டாடும் தைவானும் வசதியான இடம்தான். உலகின் மிக நுட்பமான சிப்களில் பெரும்பங்கு அங்கேதான் தயாராகிறது. சீனக் கரைக்கும் அதற்கும் நடுவே கடல் குறுகிய இடத்தில் 130 கிலோமீட்டர். ஆண்களுக்கு நான்கு மாதமாக இருந்த கட்டாய ராணுவச் சேவையை 2024 முதல் ஒரு வருடம் ஆக்கிவிட்டார்கள். தென் அமெரிக்காவில் கயானாவைப் பாருங்கள். 2015இல் கடலுக்கடியில் எண்ணெய் கண்டுபிடித்தார்கள். வருமானம் மளமளவென்று ஏறியது. கயானாவின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கான எஸ்ஸெகிபோ எங்களுடையது என்று வெனிசுவேலா 2023 டிசம்பரில் வாக்கெடுப்பே நடத்தியது. அது நூறு வருடத்துக்கும் மேலான பழைய தகராறு. எண்ணெய் வந்த பிறகு அது மறுபடி சூடு பிடித்தது.

பின்லாந்துக்காரர்கள் மட்டும் எப்படி இவ்வளவு தயாராக இருக்கிறார்கள்?

பட்ட அனுபவம். 1939 நவம்பர் 30 அன்று சோவியத் படை உள்ளே வந்தது. மூன்றரை மாதம் பனியில் கடுமையாக எதிர்த்து நின்று சுதந்திரத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள். ஆனால் நிலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை இழந்தார்கள். 4,00,000 பேர் வீடு வாசலை விட்டுவிட்டு வர நேர்ந்தது. இன்றும் ரஷ்யாவுடன் 1,340 கிலோமீட்டர் எல்லை இருக்கிறது.

ஐரோப்பாவில் பலர் பனிப்போர் முடிந்ததும் பதுங்கிடங்களை மூடினார்கள், படையைச் சுருக்கினார்கள். இவர்கள் செய்யவில்லை. 55 லட்சம் பேர் உள்ள நாட்டில் 48 லட்சம் பேருக்குப் பதுங்கிடம் இருக்கிறது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரிய கட்டடம் கட்டினால் பதுங்கிடமும் சேர்த்துக் கட்ட வேண்டும் என்பது சட்டம். ஹெல்சிங்கியில் இதாகெஸ்குஸ் என்ற பகுதியில் பாறையைக் குடைந்து கட்டிய ஒரு நீச்சல் குளம் இருக்கிறது. சாதாரண நாளில் குழந்தைகள் சறுக்கி விளையாடுவார்கள், பெரியவர்கள் சவுனா என்ற வெப்பக் குளியல் அறையில் உட்கார்ந்திருப்பார்கள். நெருக்கடி வந்தால் தண்ணீரை வெளியேற்றிவிட்டு 3,800 பேரை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொள்ளலாம். அச்சத்தை வாழ்க்கையின் நடுவில் வைக்காமல், ஆனால் மறந்தும் விடாமல் கட்டிய இடம் அது. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த உதாரணம் இதுதான்.

சிங்கப்பூரைச் சுற்றி எதிரி யாரும் இல்லையே, அங்கே எதற்குக் கட்டாய தேசிய சேவை?

1990களின் கடைசியிலிருந்து கட்டிய வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி வீட்டுக்குப் போனால் பாருங்கள். சமையலறைக்குப் பக்கத்தில் சின்னதாக ஓர் அறை இருக்கும். கதவு இரும்பு, ஒரு கையால் தள்ளினால் அசையாது. சுவர் தடித்த கான்கிரீட், அதை இடித்து மாற்ற அனுமதி கிடையாது. உள்ளே அரிசி மூட்டை, தீபாவளி பலகாரத் தூக்கு, ஊருக்குப் போகும் பெட்டி, இஸ்திரி மேசை எல்லாம் அடுக்கியிருக்கும். ஸ்டோர் ரூம் என்றுதான் எல்லோரும் புழங்குகிறார்கள். குண்டு விழுந்தால் குடும்பம் ஒதுங்குவதற்காக அரசு கட்டிக் கொடுத்த அறை அது.

இதற்குப் பின்னால் 1942 பிப்ரவரி 15 இருக்கிறது. பிரிட்டனின் அசைக்க முடியாத கோட்டை என்று பேர் பெற்ற ஊர் சிங்கப்பூர். வடக்கே மலாயா வழியாக, பாதி சைக்கிளிலேயே இறங்கி வந்த ஜப்பானியப் படையிடம் எழுபதே நாளில் விழுந்தது. 80,000க்கும் மேற்பட்ட பிரிட்டிஷ், இந்திய, ஆஸ்திரேலியப் படையினர் சரணடைந்தார்கள். அதன் பிறகு மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டு அங்கேயே மடிந்தார்கள். அடுத்தவன் காப்பாற்றுவான் என்று நம்பி இருந்ததன் விலை அது. அதனால்தான் 1967இல் தேசிய சேவை, 1984இல் நாட்டைக் காப்பதில் எல்லோருக்கும் பங்கு என்ற முழுமைத் தற்காப்பு. ஆண்டுதோறும் பிப்ரவரி 15 அன்று மாலை 6.20க்கு, சரணடைந்த அதே நேரத்தில், ஊர் முழுக்க அபாயச் சங்கு ஒலிக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிங்கப்பூர் தன் பாதுகாப்பை ஆயுதத்தில் மட்டும் வைக்கவில்லை. 1978 கடைசியில் வியட்நாம் கம்போடியாவுக்குள் போனபோது எதிர்த்தது. 1983இல் நட்பு நாடான அமெரிக்கா கிரெனடாவுக்குள் இறங்கியபோதும் ஐ.நா.வில் அதற்கு எதிராக வாக்களித்தது. 2022இல் ரஷ்யா மீது தானே தடை விதித்தது. பெரியவன் சின்னவனை விழுங்குவது யார் செய்தாலும் தப்பு என்று சொல்லிக்கொண்டே இருக்காவிட்டால், நாளைக்குத் தன் முறை வரும்போது பேச வாய் இருக்காது என்று அவர்களுக்குத் தெரியும்.

பணக்கார நாடுகளே படையெடுத்திருக்கின்றனவே?

ஆமாம். இதைச் சொல்லாமல் இந்தப் பேச்சைப் பேசுவது நேர்மையே இல்லை. 2003 மார்ச்சில் அமெரிக்காவும் பிரிட்டனும் பாதுகாப்பு கவுன்சிலின் ஒப்புதல் இல்லாமல் இராக்கினுள் நுழைந்தன. காரணமாகச் சொன்ன பேரழிவு ஆயுதங்கள் அங்கே இல்லை. லட்சக்கணக்கான இராக்கியர்கள் செத்தார்கள். அந்தக் குழப்பத்தில் முளைத்த அல்-காய்தா கிளைதான் பிறகு இஸ்லாமிய அரசு இயக்கமாக வளர்ந்து, 2015 நவம்பர் 13 அன்று பாரிஸில் 130 பேரைக் கொன்றது.

1990இல் குவைத்தைக் காப்பாற்றிய அதே விதியை, அன்று காப்பாற்றியவர்களே பதின்மூன்று வருடத்தில் மிதித்தார்கள். வேலியே பயிரை மேய்ந்தால் பக்கத்து மாட்டை எப்படி விரட்டுவது? இன்று உக்ரைனைப் பற்றிப் பேசும்போது ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பலர் முகத்தைத் திருப்பிக்கொள்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். சின்னப் பணக்கார நாடுகளுக்கு இதைவிடப் பெரிய கேடு எந்தப் பயங்கரவாதியும் செய்ததில்லை என்று நான் நினைக்கிறேன்.

பயங்கரவாதம் பணக்கார நாடுகளை அழித்துவிடுமா?

அழிக்காது. உயிர்க் கணக்கில் பார்த்தால் பயங்கரவாதத்தால் அதிகம் சாகிறவர்கள் ஏழைகள். அண்மை ஆண்டுகளில் உலகின் பயங்கரவாதச் சாவுகளில் ஏறக்குறைய பாதி, புர்கினா பாசோ, மாலி, நைஜர் இருக்கும் சாஹேல் பகுதியில். அங்கே ஓர் ஊரே ஒரு நாளில் காலியாகும். நம் செய்தியில் ஒரு வரி வரும்.

அதற்காகப் பணக்கார நாடுகளில் செத்தவர்களைக் குறைத்துப் பேச முடியாது. 2001 செப்டம்பர் 11 அன்று 2,977 பேர். 2005இல் லண்டனில் 52 பேர். 2016இல் நீஸ் கடற்கரைச் சாலையில் வாணவேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மீது லாரியை ஏற்றி 86 பேரைக் கொன்றான் ஒருவன். அதற்கு வெடிகுண்டுகூடத் தேவைப்படவில்லை; இதைத் தடுப்பது ஏன் கடினம் என்பதற்கு இதுவே பதில்.

பயங்கரவாதத்தின் பெரிய சேதம் அதற்குப் பிறகு நாம் செய்வதில் இருக்கிறது. செப்டம்பர் 11க்கு ஆப்கானிஸ்தானில் தொடங்கிய போர் இருபது வருடம் நடந்து, மறுபடி தாலிபான் கையிலேயே போய் முடிந்தது. 2023 அக்டோபர் 7 அன்று, உலகின் மிக நவீனமான கண்காணிப்பு வேலிகளில் ஒன்றை உடைத்துக்கொண்டு ஹமாஸ் நுழைந்து இஸ்ரேலில் ஏறக்குறைய 1,200 பேரைக் கொன்றது. தொடர்ந்த போரில் காசாவில் பல்லாயிரக்கணக்கான பாலஸ்தீனர்கள், அவர்களில் எத்தனையோ குழந்தைகள், கொல்லப்பட்டார்கள்.

பயங்கரவாதிகள் வெளியிலிருந்து வருகிறவர்கள்தானே? குடியேற்றத்தை நிறுத்தினால் போதாதா?

இல்லை. லண்டன் குண்டுவெடிப்பு நடத்திய நான்கு பேரில் மூவர் பிரிட்டனிலேயே பிறந்தவர்கள். 2011இல் நார்வேயில் 77 பேரைக் கொன்றவன் நார்வேக்காரன். கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஊத்தோயா தீவில் முகாமுக்கு வந்த இளைஞர்கள். 2019இல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் இரண்டு பள்ளிவாசல்களில் 51 பேரைச் சுட்டுக் கொன்றவன் பக்கத்து ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வெள்ளை இனவெறியன். நியூசிலாந்து ஒரு மாதத்துக்குள் அந்த வகைத் துப்பாக்கிகளைத் தடை செய்தது.

தடுக்கவும் முடிகிறது. 2001 டிசம்பரில் சிங்கப்பூர் ஜெமா இஸ்லாமியா என்ற பயங்கரவாதக் குழுவினரைக் கைது செய்தது. ஈசூன் ரயில் நிலையமும் வெளிநாட்டுத் தூதரகங்களும் அவர்கள் குறியில் இருந்தன. உள்ளூர் முஸ்லிம் ஒருவர் கொடுத்த தகவல்தான் அந்த விசாரணைக்கு வழிகாட்டியது. ஒரு சமூகத்தையே சந்தேகித்து ஒதுக்கியிருந்தால் அந்தத் தகவல் வந்திருக்குமா?

கேபிள் அறுந்தது, டிரோன் பறந்தது என்கிறார்களே, அதுவும் போரா?

போர் என்று அறிவிக்க முடியாத அளவுக்கு வைத்துச் சீண்டுவது. 2022 செப்டம்பரில் பால்டிக் கடலடியில் நார்ட் ஸ்ட்ரீம் எரிவாயுக் குழாய்கள் வெடித்தன. 2024 கிறிஸ்துமஸ் அன்று பின்லாந்துக்கும் எஸ்தோனியாவுக்கும் இடையிலான மின்கேபிள் அறுந்தது. நங்கூரத்தை இழுத்துப் போனதாகச் சந்தேகப்பட்டு ஒரு கப்பலையே பின்லாந்து பிடித்து நிறுத்தியது. 2019இல் சவூதியின் அப்கைக் எண்ணெய் ஆலையை டிரோன்களும் ஏவுகணைகளும் தாக்கியதில் அந்நாட்டு உற்பத்தி ஒரே நாளில் பாதியானது. 2022 ஜனவரியில் அபுதாபியில் யேமனின் ஹூதி படையினர் நடத்திய தாக்குதலில் இறந்த மூன்று பேரில் இருவர் இந்தியர், ஒருவர் பாகிஸ்தானியர். எண்ணெய்க் கிடங்குப் பக்கம் அந்த நேரத்தில் வேலையில் இருந்தவர்கள். பணக்கார நாட்டைக் குறிவைக்கும் குண்டில் பல சமயம் சாவது அங்கே பிழைக்கப் போனவன்.

நேட்டோ மாதிரி கூட்டணி இருந்தால் கவலையில்லையா?

கவலை குறையும். ஒருவரைத் தாக்கினால் எல்லோரையும் தாக்கியது போல என்ற அதன் 5ஆவது பிரிவு இதுவரை ஒரே தடவைதான் நடைமுறைக்கு வந்திருக்கிறது, அதுவும் செப்டம்பர் 11க்குப் பிறகு அமெரிக்காவுக்காக. கூட்டாளியின் மனது மாறாதவரை அது காப்பு.

அங்கே வேலைக்குப் போகிறவர் என்ன செய்து வைத்துக்கொள்ள வேண்டும்?

தாராளமாகப் போங்கள். சாலை விபத்தில் சிக்கும் வாய்ப்பு போரில் சிக்கும் வாய்ப்பைவிடப் பல மடங்கு அதிகம். ஆனால் சில காரியங்களை முதல் வாரத்திலேயே செய்துவிடுங்கள். பாஸ்போர்ட்டை முதலாளியிடம் கொடுத்துவைக்காதீர்கள். 1990இல் பாஸ்போர்ட் கையில் இல்லாமல் தவித்தவர்கள் ஏராளம். அதன் நகலும் விசா நகலும் ஊரில் ஒருவரிடம் இருக்கட்டும். தூதரகத்தில் பெயரைப் பதிந்து வையுங்கள். சேமிப்பை மாதாமாதம் ஊருக்கு அனுப்பிவிடுங்கள். வீட்டில் மூன்று நாளைக்கான சமைக்காமல் சாப்பிடும் உணவு, ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீர், மருந்து, டார்ச், பேட்டரியில் ஓடும் ரேடியோ, கொஞ்சம் சில்லறையாக ரொக்கம் இருக்கட்டும். மின்சாரமும் நெட்டும் போனால் கார்டு வேலை செய்யாது.

எங்கள் தெரு அண்ணன் 1992இல் மறுபடி குவைத்துக்கே போனார். இந்தத் தடவை பாஸ்போர்ட்டை இடுப்பு பெல்ட்டுக்குள் தைத்த பையில் வைத்திருந்தார். ஓய்வு பெற்று ஊருக்கு வரும்வரை அந்தப் பழக்கத்தை விடவில்லை.